மூலையில் நிற்கும் கார்பன் சைக்கிளை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கலாமா?

கேள்வி: மதுரை எஸ்.எஸ். காலனியில் குடியிருக்கிறேன். வடபழஞ்சியில் வேலை, ஒருவழி 12 கிலோமீட்டர். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,000. மூன்று வருடத்துக்கு முன்பு 2,10,000 ரூபாய்க்கு கார்பன் ஃபிரேம் ரோடு பைக் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் வரை போய் வருவேன். குழந்தை பிறந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஜூன் மாதம் மனைவி பள்ளி வேலைக்குப் போகிறார், வீட்டில் இருக்கும் ஒரே ஸ்கூட்டர் இனி அவருக்குத்தான். "அந்தச் சைக்கிளை வித்துட்டு இன்னொரு ஸ்கூட்டர் எடு" என்கிறார் அப்பா. 85,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஸ்கூட்டர் ஆன் ரோடு விலை 1,15,000. சைக்கிளை விற்க மனமில்லை என்றால் 20,000 கட்டி, மீதி 95,000 ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். அல்லது சைக்கிளையே வேலைக்குப் போகத் தோதாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நண்பர் 46,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் போட்டுத் தந்திருக்கிறார். எது சரி சார்?

பதில்: முதலில் அந்த 2,10,000 ரூபாயை மறந்துவிடுங்கள். அது போன பணம். இன்றைக்கு உங்களிடம் இருப்பது 85,000 ரூபாய் பெறும் ஒரு பொருள். 2025 செப்டம்பரில் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால் புதுச் சைக்கிள் விலையே இறங்கியிருக்கிறது. பழையதை அதிக விலைக்கு விற்பது இனி இன்னும் கஷ்டம். வாங்கிய விலையை நினைத்துக்கொண்டே முடிவெடுத்தால் விற்கவும் மாட்டீர்கள், ஓட்டவும் மாட்டீர்கள்.

கடன் யோசனையை இப்போதே தள்ளிவிடலாம். 9 சதவீதம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டிதான், கேட்டுப் பாருங்கள். ஃப்ளாட் என்றால் 95,000 ரூபாய்க்கு மூன்று வருடத்தில் 25,650 ரூபாய் வட்டி, மாதத் தவணை 3,351. நீங்கள் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் முழு 95,000-க்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். வீட்டுக் கடன் மாதிரி குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 16 சதவீதத்துக்கு மேல் வரும். மூலையில் 85,000 ரூபாய்ப் பொருள் தூசி படிந்து நிற்க, பக்கத்திலேயே 16 சதவீதக் கடனில் ஒரு ஸ்கூட்டர் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, மிச்சம் இரண்டு வழி. சைக்கிளில் போனால் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாதிரிச் சைக்கிளுக்கு அது பொருந்தாது. மாதம் 22 நாள் ஸ்கூட்டரில் போனால் ஆண்டுக்கு 6,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் 14,000 ரூபாய்க்குச் சற்று மேல். சர்வீஸ், இன்சூரன்ஸ் சேர்த்து 20,000 வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மதிப்புக் குறைவது ஆண்டுக்கு ஒரு 14,000. ஆக 34,000.

சைக்கிளில் மாதம் 15 நாள் போகிறீர்கள் என்று வைப்போம். ஆண்டுக்கு 4,320 கிலோமீட்டர். செயின், டியூப், பிரேக் பேட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 9,000 ரூபாய். மதிப்புக் குறைவு 13,000. மற்ற ஏழு நாள் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் 3,000 சொச்சம். மொத்தம் 25,000. வித்தியாசம் 9,000 ரூபாய்தான், முதல் வருடம் அதையும் ஆரம்பச் செலவு தின்றுவிடும். அப்புறம் காலையில் 12 கிலோமீட்டர் மிதித்துவிட்டு விராட்டிபத்துக் கடையில் டீயோடு நிறுத்துபவரை நான் பார்த்ததில்லை. இரண்டு வடையும் கணக்கில் வரும்.

ஆகவே பணக் கணக்கு இரண்டு பக்கமும் பெரிதாகச் சாயவில்லை. மாதம் எத்தனை நாள் நிஜமாகவே ஓட்டுவீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். அதை உங்களாலும் இப்போது சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள்.

ஜூனில் ஆரம்பிப்பது நல்லதுதான். தை, மாசியில் ஓட்டினால் எல்லாருக்கும் சைக்கிள் பிடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேனி ரோட்டில் மேற்கே போகும்போது ஆடிக்காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அதிலும் மாதம் 12 நாள் ஓட்டிவிட்டீர்கள் என்றால் சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள். 8 நாளுக்குக் கீழே வந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விற்றுவிடுங்கள். நடுவில் வந்தால் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். அந்த மூன்று மாதமும் 3,351 ரூபாயைத் தவணை கட்டுவது போலவே ஆர்.டி.யில் போடுங்கள். கடைசியில் ஸ்கூட்டர்தான் என்று முடிவானாலும் கையில் 10,000 கூடுதலாக இருக்கும். சைக்கிளுக்கு 85,000 கிடைத்தால், ஷோரூமில் கட்ட வைத்திருந்த 20,000-ஐயும் சேர்த்துக் கடன் தேவைப்படாது.

இனி நண்பரின் பட்டியல். அதில் 25,000 ரூபாய் இலகுவான சக்கரங்களுக்கு. அதை அடித்துவிடுங்கள். ஆபீஸுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர 25,000 கொடுப்பது வீண். மீதியிலும் எல்லாம் முதல் நாளே வேண்டியதில்லை.

செலவு செய்ய வேண்டிய முதல் இடம் டயர். ரேஸ் டயர்கள் மெல்லியவை, நம் சாலை ஓரங்களில் சீமைக்கருவேல முள்ளும் லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துணுக்குகளும் கிடக்கின்றன. கேட்டர்ஸ்கின் மாதிரி பஞ்சர் தாங்கும் டயர், 28 மில்லிமீட்டர் அகலத்தில், உங்கள் ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். டியூபோடு 7,000 ரூபாய் ஆகலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த அகலத்தில் காற்றழுத்தம் 70 பி.எஸ்.ஐ. சுமாராகப் போதும், 110 வரை ஏற்றிக் கல்லு மாதிரி ஓட்ட வேண்டாம். கழற்றிய ரேஸ் டயர்களைப் பத்திரமாக வையுங்கள். விற்பதானால் திரும்ப மாட்டிக்கொடுக்கலாம்.

இந்த டியூபின் வால்வு மெல்லியது. பெட்ரோல் பங்கிலும் தெருமுனைப் பஞ்சர் கடையிலும் இருக்கும் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. நூறு ரூபாய்க்குள் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். மொத்தப் பட்டியலிலேயே அச்சம்பத்துக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கும் நடுவே நிற்கும்போது அதிகம் உதவப்போவது இதுதான்.

விளக்குக்கு 4,000 ஒதுக்குங்கள், பகலிலும் எரிய விடுங்கள். நீங்கள் காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே திரும்புகிறீர்கள். இரண்டு நேரமும் சூரியன் உங்கள் முதுகில்தான். உங்கள் கண்ணுக்குச் சுகம், ஆனால் எதிரே வருபவர் கண் கூசிக்கொண்டு வருகிறார். அவர் திடீரென்று வலப்பக்கம் திரும்பும்போது உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

கேரியர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வகை கேரியர் கார்பன் கம்பியை நசுக்கிவிடும். லேப்டாப்பை முடிந்தவரை ஆபீஸிலேயே வையுங்கள். திங்கட்கிழமை ஐந்து சட்டையைப் பேருந்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் வாரம் முழுவதும் முதுகில் பை இல்லை, வேர்வையும் பாதி. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவுக்குப் பதில் சாதாரண பெடல், 1,500 ரூபாய். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் கைப்பிடி கொஞ்சம் உயரும், முதுகு நிமிரும், செலவு பூஜ்யம். கார்பன் பாகங்களின் போல்ட்டை மட்டும் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இல்லாத கடையில் முறுக்கக் கொடுக்காதீர்கள். செயின் தேய்மானத்தையும் அவ்வப்போது அளக்கச் சொல்லுங்கள். நேரத்தில் மாற்றினால் செயின் விலையோடு போகும், விட்டால் பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டும் சேர்ந்து போய்ச் செலவு மூன்று மடங்காகும்.

பூட்டுக்கு 3,000. ஆனால் திருட்டைவிட எனக்குப் பயம் வேறு. இரு சக்கர வண்டி ஸ்டாண்டில் என் சைக்கிள் மீது ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. என்னுடையது இரும்பு, நெளிந்ததோடு போயிற்று, நிமிர்த்திக்கொண்டேன். கார்பன் நெளியாது, விரிசல் விடும். அன்றைக்கே 85,000 ரூபாய் 20,000 ஆகிவிடும். பில்லையும், பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் எண்ணின் படத்தையும் எடுத்து வையுங்கள். வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால், சைக்கிள் வெளியே நிற்கும்போது சேதமானாலும் பணம் வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்கூட்டர் இன்சூரன்ஸோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். சைக்கிளில் போகும்போது நடக்கும் விபத்துக்கு அது செல்லாது. மோட்டார் வாகனம் மோதினால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அதற்கு நாளாகும். நாய் குறுக்கே வந்து நீங்களாக விழுந்தால் யாரிடமும் கேட்க முடியாது. தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். தோள்பட்டை எலும்பு உடைந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தாலும் 21,000 ரூபாய்த் தவணை நிற்காது. வங்கி மூலம் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்குக் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமாவும் இல்லையென்றால் இன்றே சேருங்கள், ஆனால் அது மட்டும் போதாது.

ஆக முதல் கட்டச் செலவு டயர், விளக்கு, பூட்டு, பெடல், சில்லறை எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்குள் நிற்கும். மட்கார்டு அக்டோபர் மழைக்கு முன்னால் போட்டால் போதும்.

இதில் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஆபீஸில் ஒரு கேள்வி கேளுங்கள்: சைக்கிளைக் கட்டடத்துக்கு உள்ளே, மாடிப்படிக்குக் கீழேயாவது நிறுத்த விடுவார்களா? விட மாட்டோம் என்றால் மூன்று மாதச் சோதனையெல்லாம் வேண்டாம். 85,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, அதில் 18,000 ரூபாய்க்கு ஒரு அலுமினிய ஹைப்ரிட் சைக்கிள் வாங்கி ஓட்டுங்கள். வெளியே எங்கே வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம், மீதி 67,000 ரூபாயை வீட்டுக் கடன் அசலில் கட்டிவிடலாம். ஸ்கூட்டரைப் பற்றி அப்பாவிடம் ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.