மார்கழியில் அவர் வீட்டில் இருப்பார்

அன்புள்ள அக்கா,

வேளச்சேரியில் இருக்கிறேன், ஐடி வேலை. நான் விரும்புகிறவர் கல்யாண போட்டோகிராபர். வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "எல்லாரும் புருஷனோட விசேஷத்துக்கு வருவாங்க, நீ மட்டும் தனியா வந்து நிப்பே" என்கிறார். அப்பாவுக்கு வருமானத்தைப் பற்றிக் கவலை. உங்கள் கணவரும் இதே தொழில் என்று எழுதியிருந்தீர்கள். வாழ்க்கை எப்படிப் போகிறது? அவர் உங்களிடம் எப்படிக் கேட்டார்? இவர் கோவளம் கடற்கரையில் மோதிரம் கொடுத்துக் கேட்கப் போகிறார். நண்பர் ஒருவர் படகுக்குப் பின்னால் கேமராவோடு ஒளிந்திருப்பாராம். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமே என்று சங்கடமாக இருக்கிறது.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொல்வது உண்மைதான். முகூர்த்த நாளில்தான் நம் சொந்தக்காரர்கள் வீட்டிலும் கல்யாணம் வைப்பார்கள். என் சித்தி பெண்ணுக்குத் தாலி ஏறியபோது என் கணவர் தாம்பரத்தில் வேறொரு மேடையில் நின்றுகொண்டிருந்தார். "மாப்பிள்ளை வரலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நீங்களும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். ராத்திரி மண்டபத்திலேயே ஏதாவது ஓர் அறையில் படுக்கை. நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே பெண் அலங்காரம் நடக்கும் அறை வாசலில் நிற்க வேண்டும். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வருவார். சட்டையெல்லாம் ஹோமப் புகை வாசனை. பெரிய ஜூம் லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ இருக்கும். அதைத் தூக்கிய தோளுக்குத் தைலம் தேய்த்துவிட வேண்டும். கேமரா பையைக் கவிழ்த்தால் லென்ஸ் மூடிகளுக்கு நடுவிலிருந்து மஞ்சள் அரிசி உதிரும். யாரையோ வாழ்த்தத் தூவிய அட்சதை. அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. மொட்டை மாடிச் சுவரில் பறவைகளுக்கு வைத்துவிடுவேன்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த நாளில் அவர் இருக்க மாட்டார் என்பது பஞ்சாங்கம் வந்த அன்றே நமக்குத் தெரிந்துவிடும். தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்றால் வீட்டுக்கு வந்து போகிற விருந்தாளி மாதிரிதான். ஆடியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. அப்புறம் மார்கழி. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை அவர் நம்முடையவர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒன்றிரண்டு சர்ச் கல்யாணங்கள் வரும், நிக்காஹ்வும் வரும், தேங்கிப்போன ஆல்பம் வேலை இருக்கும். இருந்தாலும் ராத்திரி வீட்டில் தூங்குவார். அதன் அருமை உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

சென்னைக் குளிர் என்பது 20 டிகிரிதான். அதற்கே தெருவில் பாதிப் பேர் மப்ளர் சுற்றியிருப்பார்கள். எங்களுக்கு அது போதும். விடியற்காலை திருவல்லிக்கேணிக்கோ மயிலாப்பூருக்கோ போவோம். லவுட்ஸ்பீக்கரில் திருப்பாவை, தொன்னையில் கை சுடச் சுடப் பொங்கல், மிளகு கடிபடும். ஆறரை மணிவாக்கில் சூரியன் வரும். சித்திரை வெயில் நடுமதியத்தில் உச்சந்தலைக்கு நேரே நின்று கண்குழியில் கறுப்பாக நிழல் போடும், மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து முகத்தில் இதமாக விழும் என்பார் அவர். போட்டோவுக்கு இத்தனை நல்ல வெளிச்சம் உள்ள மாதத்தில் கல்யாணமே இல்லை. அந்த வெளிச்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு கோலங்களை எடுப்பார், சாணி உருண்டையில் செருகிய பரங்கிப் பூவை எடுப்பார். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் திருத்தம் சொல்ல மாட்டார்கள்.

மதியம் சபாவில் இளம் பாடகர்களின் கச்சேரிக்குப் பல இடங்களில் டிக்கெட் கிடையாது. அவருக்கு ராகம் பிடிபடாது. ஆனால் "போட்டோ எடுக்க வேண்டாம்" என்று மேடையில் அறிவித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். வருஷம் முழுக்கக் கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவில் கேமராவை வைத்திருக்கிற மனிதருக்கு அது பெரிய ஓய்வு.

என்னிடம் கேட்டதும் மார்கழியில்தான். என் தோழி கல்யாணத்தில் பழக்கமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வடக்கு மாட வீதியில் கோலம் பார்த்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு முகூர்த்தத் தேதியிலும் நீல மையில் மண்டபத்தின் பெயர், பக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ். புரட்டிக்கொண்டே போனேன். வைகாசியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை வேறு. எந்த போட்டோகிராபரும் விட மாட்டார். அந்தப் பக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி மட்டும் போட்டிருந்தது.

"இது என்ன, காலியா இருக்கு?"

"மூணு பேர் கேட்டாங்க. குடுக்கலை. உங்க வீட்ல சரின்னா நமக்கு வெச்சுக்கலாம்."

நான் டைரியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இன்னமும் என் பீரோவில்தான் இருக்கிறது. அந்தக் காலைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அது ஒரு குறையாக எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

அவரை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது 2015ல். டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு ஊருக்குள் வந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் ஜாபர்கான்பேட்டையிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் பழைய வாடிக்கையாளர்கள் நனைந்த ஆல்பங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிடித்து இழுத்தால் முகம் உரிந்து வந்துவிடும். அகலமான தட்டில் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தானாக விடும்வரை காத்திருந்து பிரித்து, மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். காய்ந்ததும் ஸ்கேன். அவரிடம் நெகட்டிவ் இருந்தவர்களுக்குப் புதிதாகவே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு பாட்டி, இறந்துபோன கணவரின் முகம் இருந்த ஒரே ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மார்கழியில் கோயிலுமில்லை, கச்சேரியுமில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் உங்களவரைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர் முகூர்த்த நாளில் எங்கே இருப்பார் என்று பார்க்காதீர்கள். கையில் வேலை இல்லாத நாளில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அப்போதும் ஃபோனில் அடுத்தவர்களுடைய ரீல்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாரா, உங்களோடு நடக்கிறாரா?

அப்பாவின் கவலை நியாயமானது. 2020ல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று ஆனபோது எங்களுக்கு மாதக்கணக்கில் வருமானம் இல்லை. என் சம்பளமும் அவர் சேர்த்ததும் காப்பாற்றின. தையில் வரும் பணத்தை ஆடி வரைக்கும் பிரித்து வைத்துச் செலவு செய்கிறாரா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

கோவளம் விஷயம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அவர் வருத்தப்பட்டால் கொஞ்ச நேரம்தான். இப்படிப்பட்ட ஏற்பாடுகளை என் கணவரும் எடுத்துக் கொடுக்கிறார், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தொழிலே அதுவாக இருக்கிறவரிடம், கேமரா இல்லாமல் ஒரு தடவை கேளுங்கள் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் உண்டு. அதற்குப் பிறகு படகு, மோதிரம், நண்பர் எல்லாம் இருக்கட்டும். நன்றாகச் சிரித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஒன்று மட்டும், அப்பாவிடம் பேசுவதாக இருந்தால் போகிக்குள் அவரை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுங்கள். தை பிறந்துவிட்டால் பங்குனி வரை அவரைப் பிடிக்க முடியாது.

அன்புடன்,
அக்கா