தலா வருமானம்: வெளிநாட்டுப் படகு பிடித்த மீன் யார் கணக்கில்?

கேள்வி: கிரிபட்டி, துவாலு போன்ற பசிபிக் தீவு நாடுகளின் தலா வருமானம் ஒரு பட்டியலில் ஒரு தொகையாகவும் இன்னொன்றில் அதைவிட மிக அதிகமாகவும் இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்று ஜிடிபியை, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது. மற்றது மொத்த தேசிய வருமானத்தை வகுத்தது; அதாவது ஜிடிபியோடு வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்தைக் கூட்டி, வெளிநாட்டுக்குப் போவதைக் கழித்தது. பெரிய நாடுகள் பலவற்றில் இரண்டுக்கும் சில சதவீதம்தான் வித்தியாசம். அதனால் பத்திரிகைகள் ஒன்றின் பெயரில் இன்னொன்றை எழுதிவிட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தத் தீவுகளில் அப்படி எழுதினால் கணக்கே புரண்டுவிடும்.

காரணம் சூரை மீன். கிரிபட்டியின் நிலம் சுமார் 811 சதுர கிலோமீட்டர்தான். மீன்பிடி உரிமை அதற்கு மட்டுமே உள்ள பிரத்யேகக் கடல் மண்டலமோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே வலை வீசும் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டவை. அவை பிடிக்கும் மீன், கப்பலை இயக்கும் நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டின் உற்பத்தி. தீவுக்குக் கிடைப்பது உரிமக் கட்டணம் மட்டும். சூரை மீன்பிடிப்பைக் கூட்டாக நிர்வகிக்கும் நவுரு உடன்படிக்கையில் உள்ள 8 நாடுகளும் மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு கப்பலுக்கு ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டாலர். இந்தப் பணம் இயற்கை வளத்துக்கான வாடகையாகப் பதிவாவதால் ஜிடிபியில் சேராது, தேசிய வருமானத்தில் சேரும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீரோடு சூரை மீன்கள் கிழக்கே கிரிபட்டி பக்கம் நகரும். அப்போது கிரிபட்டியின் தலைநகர் தராவாவில் ஒரு கடைகூடக் கூடுதலாகத் திறக்காமலே தலா வருமானம் ஏறிவிடும்.

கேள்வி: கணக்கை எண்களோடு போட்டுக் காட்ட முடியுமா?

பதில்: 20,000 பேர் வாழும் ஒரு கற்பனைத் தீவு. ஜிடிபி 10 கோடி டாலர் (தீவின் நாணயத்தில்). மீன்பிடி உரிமம் 4 கோடி, வெளிநாட்டில் போட்டிருக்கும் நிதியத்தின் வட்டியும் ஈவுத்தொகையும் 1 கோடி, குறுகிய காலத்துக்கு வெளியே போய் உழைப்பவர்களின் சம்பளம் 50 லட்சம், இவற்றைக் கூட்டுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் எடுத்துச் செல்லும் லாபம் 1.2 கோடி, கடன் வட்டி 30 லட்சம், இவற்றைக் கழியுங்கள். தேசிய வருமானம் 14 கோடி. தலைக்கு 7,000. ஜிடிபியாகப் பார்த்தால் 5,000தான்.

தவறு அதிகம் நடப்பது நிதியத்தில். துவாலு 1987இல் தொடங்கிய அறக்கட்டளை நிதியம், கிரிபட்டிக்காக 1956இல் தொடங்கப்பட்ட இருப்பு நிதியம் போன்றவற்றில் பங்குச் சந்தை ஏறினால் மதிப்பு உயரும். அந்த உயர்வு வருமானம் அல்ல. நிதியத்திலிருந்து பட்ஜெட்டுக்கு எடுத்த தொகையும் வருமானம் அல்ல; சொந்தச் சேமிப்பை உடைத்ததுதான். வட்டி, ஈவுத்தொகை மட்டுமே சேரும். வெளிநாடுகள் தரும் பட்ஜெட் மானியமும் தேசிய வருமானத்துக்குள் வராது. அடுத்த ஆண்டுக்கான மீன்பிடி நாட்களுக்கு டிசம்பரிலேயே பணம் வந்துவிட்டால், அதை அடுத்த ஆண்டில்தான் எழுத வேண்டும். வந்த தேதியில் எழுதினால் ஓர் ஆண்டு வீங்கும், மறு ஆண்டு மெலியும்.

கேள்வி: கப்பலில் வேலை செய்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் சேருமா?

பதில்: பார்க்க வேண்டியது அனுப்பிய பணத்தை அல்ல, அவர் எந்த நாட்டுக் குடியிருப்பாளர் என்பதை. பொது விதி: ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தங்கினால் அந்த நாட்டுக் குடியிருப்பாளர். நியூசிலாந்தின் பருவகால வேலைத் திட்டத்தில் கிரிபட்டி, துவாலு தொழிலாளர்கள் 9 மாதம் வரை தங்கலாம். ஆண்டுக்குள் திரும்புவதால் அவர்களின் முழுச் சம்பளமும், அங்கே செலவழித்த பகுதி உட்பட, தாய்நாட்டின் தேசிய வருமானத்தில் சேரும். ஆஸ்திரேலியாவின் பசிபிக் தொழிலாளர் திட்டத்தின் நீண்டகாலப் பிரிவில் 1 முதல் 4 ஆண்டு வரை போகிறவரின் சம்பளம் சேராது. அவர் அனுப்பும் பணம் மாற்றுத் தொகை, அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல் தரும் பணம்; அதுவும் சேராது. மாலுமிகள் எத்தனை மாதம் கடலில் இருந்தாலும் குடும்பம் இருக்கும் நாட்டவரே. சம்பளப் பட்டியல் கிடைக்காமல் வங்கிவழி வந்த பணத்தை மட்டும் எடுத்தால் தொகை குறைந்துதான் வரும்.

கேள்வி: மக்கள்தொகையில் என்ன சிக்கல் வரப்போகிறது?

பதில்: நிறைய. மாலைத்தீவின் 2022 கணக்கெடுப்பில் சுமார் 5.15 லட்சம் பேர். அதில் குடிமக்கள் சுமார் 3.82 லட்சம்தான். மீதிப் பேர் விடுதிகளிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் வெளிநாட்டவர். ஓர் ஆண்டுக்கு மேல் தங்கும் அவர்களின் உழைப்பு தொகுதியில் (வகுக்கப்படும் வருமானத்தில்) இருக்கும்போது, பகுதியில் (வகுக்கும் மக்கள்தொகையில்) குடிமக்களை மட்டும் வைத்தால் தலா வருமானம் சுமார் 35 சதவீதம் ஊதிவிடும்.

துவாலு அளவுள்ள நாட்டில் வேறு தொல்லை. 11,000 பேர் என்று வைத்திருக்கிறீர்கள். இதற்கிடையில் 500 பேர் குடிபெயர்ந்தது பதிவாகவில்லை. 8.8 கோடியை 11,000ஆல் வகுத்தால் 8,000. 10,500ஆல் வகுத்தால் 8,381. யாருடைய வருமானமும் மாறாமலே கிட்டத்தட்ட 5 சதவீத ‘வளர்ச்சி’!

கேள்வி: வீட்டுக்கென்று பிடித்துச் சாப்பிடும் மீனுக்கு விலை போடுகிறார்களா?

பதில்: போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வெளித்தீவுகளின் உற்பத்தியில் பெரும்பகுதி காணாமல் போகும். குடும்ப வருமான, செலவு ஆய்வில் கிடைக்கும் அளவை அடிப்படையாகக் கொள்வார்கள். வாரம் 15 கிலோ, கிலோ 3 டாலர் என்றால் ஆண்டுக்கு 2,340. அதில் படகு எரிபொருள், தூண்டில் செலவு 540ஐக் கழித்தால் 1,800. அந்தத் தீவிலேயே மீனவர் விற்கக்கூடிய விலையைத்தான் எடுக்க வேண்டும். தலைநகரின் கடை விலை 5 டாலரைப் போட்டால் 3,360 வரும். வண்டிக்கூலியும் கடைக்காரர் லாபமும் மீனவர் வீட்டு வருமானமாகிவிடும்.

கேள்வி: டாலருக்கு மாற்றுவது அன்றைய விகிதத்திலா?

பதில்: உலக வங்கியின் அட்லஸ் முறையில் மூன்று ஆண்டு விகிதங்களின் சராசரி, முந்தைய இரண்டும் உள்நாட்டு, சர்வதேசப் பணவீக்க வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்தப்படும். ஒரு டாலருக்கு 1.30, 1.40, 1.50 என்று நாணயம் சரிந்திருக்கிறது. உள்நாட்டில் விலைவாசி ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதமும் வெளியே 2 சதவீதமும் ஏறியிருக்கிறது என்றால் திருத்திய சராசரி சுமார் 1.41. மேலே சொன்ன 7,000 சுமார் 4,950 அமெரிக்க டாலராகும். கடைசி ஆண்டு விகிதத்தில் மட்டும் மாற்றினால் 4,667.

கேள்வி: இவ்வளவு வருமானம் இருந்தும் துவாலு ஏன் ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலில் இருக்கிறது?

பதில்: பட்டியலிலிருந்து வெளியேற மூன்று அளவுகோல்கள்: வருமானம், மனித வளம், பாதிப்புக்கு உள்ளாகும் தன்மை. 2024 மீளாய்வில் வருமான வரம்பு 1,306 டாலர். துவாலு அதை எப்போதோ தாண்டிவிட்டது. மூன்றில் இரண்டில் தேறினாலே வெளியேறத் தகுதி உண்டு; துவாலு அதையும் பெற்றுவிட்டது. ஆனால் மூன்றாவதில் மிகவும் பலவீனமாக இருப்பதால் வெளியேறும் முடிவு தள்ளிப்போடப்பட்டு வருகிறது.