லேப்ரடார் குட்டிக்கு: 24% புரதப் பையா, 8% டின்னா?

நாலு மாத லேப்ரடார் குட்டிக்கு 24% புரதம் போட்ட உலர் தீவனமா, 8% போட்ட டின்னா என்று கேட்டிருந்தீங்க. ஈரத்தைக் கழிச்சிட்டுத்தான் ஒப்பிடணும். டின்னில் ஈரம் 80% என்றால் மீதி 20. 8-ஐ 20-ஆல் வகுத்தால் 40% புரதம். பையில் ஈரம் 10% என்றால் சுமார் 27%.

சேர்மானப் பட்டியலில் எடைப்படி முதலில் கோழி இருப்பதை அப்படியே நம்பாதீங்க. சமைக்கும் முன் போட்ட எடை அது, பெரும்பகுதி தண்ணீர். அரிசி, குருணை, தவிடு என்று பிரித்துப் போட்டிருந்தால் மூன்றையும் சேர்த்தே பாருங்க.

உங்க குட்டிக்குப் புரதத்தைவிடக் கால்சியம்தான் கவலை. பெரிய இனக் குட்டிக்கு, ஈரம் நீக்கிய கணக்கில் 1.8% தாண்டக்கூடாது, தாண்டினால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். ‘பெரிய இனக் குட்டிகளுக்கு முழுமையான உணவு’ என்ற வரி இல்லாத தீவனத்தை வாங்காதீங்க. அதோடு கால்சியம் டானிக்கும் ஊத்தாதீங்க, தயவுசெய்து.