நினைவு நாள் சாப்பாடும் பதிவுச் சான்றிதழும்: குழந்தைகள் இல்லங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

பெற்றோரின் பராமரிப்பு கிடைக்காத குழந்தைகளுக்கு உதவ விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக் குழுக்களுடன் பல ஆண்டுகள் இல்லங்களுக்குச் சென்று பதிவேடுகளைப் புரட்டியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட இல்லங்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

என் தகப்பனாரின் நினைவு நாளன்று ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுக்க நினைக்கிறோம். அந்த இல்லம் முறையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வரவேற்பறையில் சான்றிதழ்கள் நிறையவே தொங்குகின்றன. (பெருமாள்புரம்)

தொங்குகிறவற்றைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விவரம், வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) சான்றிதழ்கள், தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பண் தளத்தின் எண், ஏதாவது ஒரு சங்கம் கொடுத்த கேடயம் ஆகியவைதாம் இருக்கும். இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அது கணக்கு வைத்திருக்கிறது என்பதற்குத்தான் இவை சான்று. குழந்தைகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் உரிமை இவற்றால் வந்துவிடாது. அந்த உரிமையைத் தருவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ்ப் பெறும் பதிவு. அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். எத்தனை குழந்தைகளுக்கு, ஆண்களுக்கா பெண்களுக்கா, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் அதில் பாருங்கள். பதிவின்றி இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு. “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்ற பதில் வந்தால் தற்காலிகப் பதிவின் தாளைக் கேளுங்கள். அதன் ஆயுள் ஆறு மாதத்தைத் தாண்டாது.

இந்தக் கண்டிப்புக்கு நம் மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்து, அங்கே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும், இதே சட்டப்படி மாவட்டத்தில் அமைக்கப்பட்டிருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில்தான் இருக்க வேண்டும். குழந்தையின் கோப்பைக் காட்டச் சொல்லாதீர்கள். காட்டினால் அதுவே தவறு. “இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் குழுவின் ஆணை இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஒரு செவ்வாய்க்கிழமை போன இல்லத்தில் மதியம் ரசமும் அப்பளமும்தான். சமையலறைக்குப் பின்னாலிருந்த அலமாரியிலோ, ஞாயிற்றுக்கிழமை வந்த அல்வாப் பெட்டிகள் பதினொன்று, அட்டையில் நெய் ஊறி, பிரிக்கப்படாமல் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில் அந்த மாதத்து ஞாயிறுகள் அனைத்துக்கும் இரண்டிரண்டு குடும்பத்தின் பெயர்கள் எழுதியிருந்தன; வார நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. தகப்பனாரின் பெயரால் ஒரு மாதத்து முட்டைக்கோ காய்கறிக்கோ எரிவாயு சிலிண்டருக்கோ பணம் கட்டிவிடுங்கள். எதைக் கொடுத்தாலும், சாப்பிடும் முன் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்லவோ, படத்தின் முன் வணங்கச் சொல்லவோ வேண்டாம்.

ஓர் இல்லத்தின் ஆண்டறிக்கையில் மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி சம்பளம் என்று போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கென்று கொடுக்கும் பணம் சம்பளத்துக்குப் போவது சரிதானா? (அம்பாசமுத்திரம்)

சம்பளத்தை மிகக் குறைவாகக் காட்டும் இல்லத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையை நனைத்துவிட்டு அழும் குழந்தையை எழுப்பித் துணி மாற்றிவிடுகிறவர் ஒரு சம்பளக்காரர்தான். அவருக்கு ஜவுளிக்கடையில் கிடைக்கும் சம்பளம்கூட இங்கே கிடைக்காவிட்டால், பள்ளிக்கூடம் திறந்த கையோடு போய்விடுவார். ஓர் இல்லத்தின் ஊழியர் பதிவேட்டில் மூன்று ஆண்டுகளில் ஏழு விடுதித் தாய்மார்களின் கையெழுத்தைப் பார்த்தேன். அங்கிருந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணிடம் “உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டேன். “இப்ப உள்ள அம்மா” என்றாள். ஆகவே சம்பளத்தின் விகிதத்தைக் கேட்பதைவிட, இப்போதிருக்கும் தாய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், இரவில் எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் என்று கேட்பது பயன் தரும்.

பணம் ஒழுகுவது பெரும்பாலும் வேறு இடங்களில். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் கேட்டு வாங்கி, நிர்வாகியின் குடும்பத்தாருக்கு வாடகையோ கடனோ போயிருக்கிறதா, வாகனச் செலவு எவ்வளவு, ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்துக்குக் கொடுப்பவர்களுக்குக் கல்வெட்டில் பெயர் வரும், காய்கறிக்குக் கொடுப்பவர்களுக்கு வராது என்பதால், குழந்தைகள் குறைந்துகொண்டே போகும் இல்லங்களில்கூட மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. இதில் கொடுப்பவர்களாகிய நம் பங்கும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உணவுச் செலவு 14,60,000 ரூபாய், குழந்தைகள் 50 பேர் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 ரூபாய் ஆகிறது. அதே இல்லத்தின் துண்டுப் பிரசுரத்தில் 80 குழந்தைகள் என்று போட்டிருந்தால், அது 50 ரூபாயாகச் சுருங்கிவிடும். நன்கொடையாக வரும் அரிசியால் சமாளிக்கிறார்களா, அல்லது பிரசுரத்தில் எண்ணிக்கை ஊதியிருக்கிறதா என்று அப்போது நேராகக் கேட்கலாம். இடத்தையும் இப்படியே பாருங்கள்: மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி படுக்கும் கூடத்தில் ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி வேண்டும், ஏழு பேருக்கு ஒரு கழிப்பறையும் பத்துப் பேருக்கு ஒரு குளியலறையும் வேண்டும். கழிப்பறைக் கதவுகளை எண்ண யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை உண்டா? (பேட்டை)

பொருளாகக் கொடுப்பதற்கு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. வங்கி வழியாகக் கொடுங்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்திருந்தால் எப்படிக் கொடுத்தாலும் சலுகை கிடையாது. அரிசி கொடுப்பதை இதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

துபாயில் வேலை பார்க்கிறேன். ஓர் அமைப்பின் மூலம் ஒரு சிறுமிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அவளுடைய புகைப்படம், குடும்பக் கதை, மதிப்பெண் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வெளிப்படையான அமைப்பு என்று இதை நம்பலாமா? கனடாக் குடியுரிமை பெற்ற என் மைத்துனரும் சேர விரும்புகிறார். (வள்ளியூர்)

உங்கள் நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வெளிப்படைத்தன்மை என்று நினைப்பதை நான் அஜாக்கிரதை என்பேன். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாய் எப்படி இறந்தாள், தந்தை என்ன ஆனார் என்ற கதையை உங்களுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் பலருக்கும் அனுப்பியிருப்பார்கள். அந்தச் சிறுமி நாளை கல்லூரிக்குப் போகும்போதும் அந்தப் படம் யாருடைய கைப்பேசியிலோ இருக்கும். கணக்கு அறிக்கை கேளுங்கள். குழந்தைகளின் கல்வி, உடல்நலம் பற்றிய பொதுவான அறிக்கை கேளுங்கள். முகம் வேண்டாம் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு குழந்தை என்ற ஏற்பாட்டில், பக்கத்துக் கட்டில்காரிக்கு மிதிவண்டி வந்து தனக்கு வராத பிள்ளையின் நிலையும் இருக்கிறது. ஆகவே பொது நிதிக்குக் கொடுப்பது மேல்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நீங்கள் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. மைத்துனரின் பணம் அப்படியல்ல. அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், குடியுரிமை மாறிய பிறகு அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020இன் திருத்தத்துக்குப் பிறகு, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் கணக்கில்தான் அது முதலில் வந்து சேர வேண்டும். “உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, நீங்கள் எங்களுக்கு மாற்றிவிடுங்கள்” என்று யோசனை சொல்லும் அமைப்பாக இருந்தால், நீங்களும் விலகிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் ஆச்சியிடம், தாய் தகப்பன் இருவரையும் இழந்த பேரனும் பேத்தியும் வளர்கிறார்கள். நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் செலவை எங்கள் சங்கம் ஏற்கும். எந்த இல்லம் நல்லது? (முக்கூடல்)

இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் ஏற்கெனவே இருக்கிறது; அதற்குப் பணம்தான் இல்லை. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இரு பெற்றோரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்குத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று ஆகியவற்றோடு ஆச்சியை அழைத்துப் போய்வர ஒருவரை அனுப்புங்கள். பீடி சுற்றுகிறவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி. சங்கத்தின் பணத்தை ஓட்டைக் கூரைக்கும், மாலை நேரப் பாடத்துக்கும், ஆச்சிக்குக் கண் மங்கினால் அறுவைச் சிகிச்சைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பையன்களுக்கான ஓர் இல்லத்தில் ஆய்வு முடிந்து கிளம்பும்போது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வண்டி வரை வந்து, “டீச்சர், என் தங்கச்சி இப்ப எத்தனாம் கிளாஸ்?” என்று கேட்டான். தங்கை இருந்தது பெண் குழந்தைகளுக்கான இல்லத்தில். திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜங்ஷன் அருகே அவன், அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் அவள். நடுவில் இருந்தது 1843ஆம் ஆண்டின் சுலோசன முதலியார் பாலம் ஒன்றுதான். இரண்டு இல்லங்களிலும் பதிவேடுகள் மிகச் சரியாக இருந்தன. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. நானே நல்ல மதிப்பெண் போட்டிருந்தேன். பதினான்கு மாதங்களாக இருவரையும் யாரும் சந்திக்க வைக்கவில்லை, அதைக் கேட்கும் கட்டம் எங்கள் படிவத்தில் இருக்கவுமில்லை. அதன்பிறகு நான் முதலில் கேட்பது, போன ஆண்டு எத்தனை குழந்தைகளை அவர்களுடைய உறவினரிடமே திரும்பச் சேர்த்தீர்கள் என்பதைத்தான். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள்; வறுமையும் மறுமணமும் குடியும்தான் அவர்களைக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லி, அதன் பிறகும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்த குறிப்பேட்டை எடுத்து வைக்கும் இல்லத்தை நான் மதிப்பேன். “எல்லாரும் எங்கள் பிள்ளைகள், யாரையும் அனுப்புவதில்லை” என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தில் இன்னும் சில கேள்விகள் கேட்பேன்.

உங்களுக்குச் சந்தேகமிருந்தால், நீங்கள் நினைத்திருக்கும் இல்லத்தில் இந்த இரு பிள்ளைகளின் நிலையைச் சொல்லிப் பாருங்கள். “நாளைக்கே கூட்டிவாருங்கள்” என்றால் அது நல்ல இல்லம் அல்ல. நலக் குழுவின் ஆணையில்லாமல் சேர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

மிஷனரிகள் காலத்திலிருந்து இயங்கும் பழைய நிறுவனங்களையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா? (களக்காடு)

வேண்டும், மரியாதையோடு. மிஷனரியான எமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் டோனாவூரில், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் அபாயத்திலிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தபோது, அவர்களைக் காக்க இன்றுள்ள எந்தச் சட்டமும் இல்லை. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதை அவர் கொள்கையாகவே வைத்திருந்தார். அந்த வரலாறு நமக்குப் பெருமை. ஆனாலும் எந்தப் பழைய நிறுவனத்துக்கும் 41ஆம் பிரிவிலிருந்து விலக்கில்லை. பழைய நிறுவனங்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது, வெளியே போனவர்களைப் பற்றி. பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடந்த ஐந்தாண்டுகளில் போனவர்கள் எங்கே படிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்று சொல்லத் தெரிகிறதா பாருங்கள்.

பெருந்தொகை நன்கொடை கொடுத்தால் கைக்குழந்தை ஒன்றைத் தத்துத் தருவதாக ஓர் இல்லத்தில் சொல்கிறார்கள். (திசையன்விளை)

அது தத்து அல்ல, விற்பனை. தத்தெடுப்பு, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, முன்னுரிமை வரிசைப்படி நடக்கும். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணையை மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். வேறு வழியில் வாங்கினால், வாங்கியவரும் குற்றவாளி. பேசியது யார், என்றைக்கு என்பதைக் குறித்துக்கொண்டு திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

பிறந்தநாள் விருந்து கொடுக்கப் போயிருந்தோம். ஒரு சிறுவன் என் அருகில் வந்து, ராத்திரியில் வார்டன் அடிக்கிறார் என்று மெதுவாகச் சொன்னான். நிர்வாகியிடம் பேசலாமா, அல்லது நமக்கெதற்கு என்று விட்டுவிடலாமா? (சேரன்மகாதேவி)

இரண்டும் வேண்டாம். நிர்வாகியிடம் பேசினால் யார் சொன்னது என்பது அன்று இரவே தெரிந்துவிடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பையனைத் தனியே அழைத்து மேலும் விசாரிக்கவோ, படம் எடுக்கவோ, காயத்தைக் காட்டச் சொல்லவோ கூடாது. அவன் சொன்ன சொற்களை அப்படியே, நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய பேச்சாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பையனின் பெயர் தெரியாது என்று தயங்காதீர்கள். இல்லத்தின் பெயர், அவனுக்கு ஏறக்குறைய என்ன வயது, அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் நிறம், பந்தியில் எங்கே உட்கார்ந்திருந்தான் என்ற அளவுக்குச் சொன்னால், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.