அப்பா, மகன், மகள் சேர்ந்து கீழக்கரைப் பக்கம் வீடு வாங்கினால் யாருக்கு எவ்வளவு பங்கு?

பலர் சேர்ந்து ஒரே பத்திரத்தில் வாங்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பிரிபடாத பங்கு. அதாவது வீடு முழுக்க எல்லாருக்கும் பாகம் உண்டு. ‘மாடி எனக்கு, கீழ்த்தளம் உனக்கு’ என்பது எழுதாதவரை வாய்ப்பேச்சுதான். நாலு பேர் பணம் போட்டு வாங்கிய விசைப்படகு மாதிரி: வருமானத்தில் பங்கு கேட்பார்களே தவிர, என்ஜின் மட்டும் என்னுடையது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, எவ்வளவு பங்கு? பத்திரத்தில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதாவிட்டால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தைப் பார்க்கும். அதற்கு ஆதாரமே இல்லையென்றால் சமபங்கு என்று கொள்ளும். நம் கடற்கரை ஊர்களில் வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்புவார், பத்திரம் அப்பா பெயரில் மட்டும் முடியும். பிற்பாடு தகராறு கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான். பணம் போட்ட எல்லார் பெயரையும், பங்கு விகிதத்தையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

அப்புறம், பேரப்பிள்ளைகளுக்காகப் பின்னால் மாடி எடுக்கும் எண்ணமா? கடலோரம் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுமானக் கட்டுப்பாடுகள் வரலாம். முன்பணம் கொடுக்குமுன் விசாரியுங்கள்.

ரேஷன் அட்டையிலோ வீட்டுவரி ரசீதிலோ பெயர் இருந்தால் பங்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவற்றால் மட்டும் உரிமை வராது.