இழுப்பு இல்லாத நாளிலும் இன்ஹேலர் எதற்கு?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன், வயது 34. ஐப்பசி மழை தொடங்கிப் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டால் விடியற்காலையில் ஆஸ்துமா இழுப்பு வருகிறது. நீல நிற இன்ஹேலரில் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. ஆனாலும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்கும்படி மருத்துவர் சொல்கிறார். நன்றாக இருக்கும் நாட்களிலும் அது தேவையா?

பதில்: தேவைதான். கம்பளியை உதறும்போது பறக்கும் தூசியில், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளின் எச்சம் கலந்திருக்கிறது. அதிலுள்ள நொதி ஒன்று, மூச்சுக்குழாயின் உட்பரப்பில் நெருக்கமாக அமைந்துள்ள எபிதீலியல் செல்களின் இணைப்புகளை அரித்துவிடுகிறது. அந்தச் செல்கள் வெறும் சுவர் அல்ல. ஒவ்வாமையில் முதல் குரல் பெரும்பாலும் அவற்றினுடையதே. காயம்பட்டதும் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 போன்ற அபாய அறிவிப்புப் புரதங்களை அவை வெளியிட, காவல் காக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் தூசிப் புரதத்தின் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்களிடம் காட்டுகின்றன. அங்கு உருவாகும் டிஎச்2 என்ற வகை டி செல்கள் சுரக்கும் செய்திப் புரதங்களுள் இன்டர்லூக்கின்-4, பி செல்களை ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புரதம் தயாரிக்கத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-5 ஈசினோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறது. இன்டர்லூக்கின்-13 உட்பரப்புக்கே திரும்பி வந்து சளியைக் கூட்டுவதோடு, மேலும் ஈசினோஃபில்களை அழைக்கும் சுரப்புகளையும் அச்செல்களிடமிருந்தே வரவழைக்கிறது. சுவர் அழைக்க, வந்தவர்கள் சுவரை மீண்டும் சீண்ட, இந்தச் சுழல் இழுப்பு இல்லாத நாட்களிலும் தாழ்ந்த அளவில் நடந்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறை தூசி படும்போது, ஐஜிஇ ஒட்டியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற திசுக் காவல் செல்கள் சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்கள் ஆகிய வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நீல இன்ஹேலரிலுள்ள சால்பியூட்டமால் அந்தத் தசையை மட்டுமே தளர்த்தும். 4 முதல் 8 மணி நேரம் கழித்து ஈசினோஃபில்களுடன் வரும் இரண்டாவது வீக்கத்தை அது தொடுவதில்லை. இரவு பத்து மணிக்குக் கம்பளியை உதறிப் போர்த்தியவருக்கு விடியலில் இழுப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீராய்டோ செல்லுக்குள் புகுந்து அந்த அறிவிப்புப் புரதங்களின் உற்பத்தியையே குறைக்கிறது. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நினைத்து இன்ஹேலருக்கு அஞ்ச வேண்டாம். இது மைக்ரோகிராம் கணக்கிலான மருந்து. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்பார்கள். ஆல்ப்ஸ் மலையின் வறண்ட உயரங்களில் தூசிப்பூச்சி பிழைப்பது அரிது என்பது உண்மையே. நீலகிரியில் நிலைமை வேறு: காற்றின் ஈரத்தைக் குடித்து வாழும் அந்தப் பூச்சிக்கு, இரண்டு பருவமழையும் பனிமூட்டமும் போதிய விருந்து. கம்பளி 60 டிகிரி வெந்நீரைத் தாங்காது. ஆகவே அதற்குப் பருத்தி உறை போட்டு, உறையை மட்டும் வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் வேறொருவர் கம்பளியை வெளியில் வைத்துத் தட்டட்டும்.

ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பது மருத்துவர் படிப்படியாகச் செய்யவேண்டியது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலரின் பலன் 4 மணி நேரம்கூட நிற்காவிட்டாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.