கறிவேப்பிலைப் புழுவுல இருந்து ஈ வந்துச்சு, அபூர்வ இனமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: வீட்டு கறிவேப்பிலைச் செடியில இருந்த பச்சைப் புழுவ டப்பால வச்சு வளர்த்தாங்களாம், கூடும் கட்டிருச்சாம், ஆனா பட்டாம்பூச்சிக்கு பதிலா ஒடம்பெல்லாம் முள்ளு முள்ளா முடி இருக்குற ஒரு ஈ வந்திருக்கு. ஃபோன்ல ரெண்டு படம் எடுத்து அனுப்பி, இது அபூர்வ இனமா, என்ன பேருன்னு கேக்குறாங்க.

அக்கா, பார்த்தா டாக்கினிட் மாதிரி இருக்கு, 8000க்கும் மேல இனம் உள்ள ஒட்டுண்ணி ஈ குடும்பம், அதாவது குட்டியா இருக்குறப்ப வேற பூச்சிக்குள்ள இருந்து அதத் தின்னு வளர்ற ஈங்க. 10 மடங்கு கை லென்ஸ் இருந்தா ஈய பக்கவாட்டுல திருப்பி பாருங்க, நெஞ்சோட பின்பக்கம் முக்கோணமா ஒரு தட்டு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு நேர் கீழ ஒரு சின்ன மேடு நல்லா உப்பி நின்னா கிட்டத்தட்ட டாக்கினிட்தான். சதை ஈயும் இதே சாம்பல் நிறத்துல கறுப்பு கோடு போட்டு இருக்கும், நிறைய பேர் அங்கதான் ஏமாந்துடுறாங்க, ஆனா அதுக்கு மேடு அப்படி உப்பாது. கூன் முதுகோட தம்மாத்தூண்டு ஈங்க கூட்டமா வந்திருந்தா அது ஃபோரிட்ங்கிற வேற ஈ குடும்பம், அது செத்து அழுகுன கூட்டுப்புழுவ தின்ன வந்ததா கூட இருக்கலாம், உடனே ஒட்டுண்ணின்னு எழுதிடாதீங்க.

குடும்பம் வரைக்கும்தான் வீட்டுல முடியும். இனப் பேருக்கு எந்த முடி எங்க இருக்கு, எத்தனை இருக்கு, வயித்துல வெள்ளைத் தூள் பூசுன மாதிரி தெரியிற பட்டை எவ்ளோ அகலம்னு எல்லாம் பார்க்கணும், ஆண் ஈயா இருந்தா பின்பக்க உறுப்ப தனியா எடுத்து மைக்ரோஸ்கோப்ல வைக்கணும், ஃபோன் படத்துல இதெல்லாம் தெரியாது.

அதனால ஈ கெடாம இருக்கணும். இன்னொண்ணு வந்தா உடனே கொல்லாதீங்க, அப்ப ஒடம்பு மெத்துன்னு வெளிறிப்போய் றெக்கை கசங்கி இருக்கும், ஒரு நாள் விட்டு நிறம் ஏறினதும் ஃப்ரீசர்ல வைங்க. ஊசிய நெஞ்சு நடுவுல குத்தாம கொஞ்சம் வலது பக்கம் தள்ளி குத்துனா இடது பக்க முடியாவது முழுசா மிஞ்சும். முழு ஈயையும் ஆல்கஹால்ல போட்டா அந்த வெள்ளைத் தூள் சரியா தெரியாது, ஒரு கால மட்டும் கழட்டி 95 சதவீத எத்தனால்ல போடுங்க, டிஎன்ஏ பார்க்க அது போதும். நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை சீக்கிரம் பூத்துடும், சிலிக்கா ஜெல் போட்ட டைட்டான டப்பா கட்டாயம்.

அபூர்வமான்னு கேட்டா, இந்தப் பக்கத்து டாக்கினிட் பத்தி வேலையே கம்மி, ஒரு இனம் மியூசியத்துல ஒண்ணு ரெண்டுதான் இருக்குன்னா அது நெஜமாவே கம்மியா, இல்ல யாருமே தேடலையான்னு சொல்றது கஷ்டம். எனக்கு பேர விட நீங்க வளர்த்த விவரம்தான் பெருசா தெரியுது, ஏன்னா வலையில புடிச்ச ஈ எந்தப் புழுவுல வளர்ந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, உங்க ஈ விஷயத்துல அது நமக்குத் தெரியும். புழு கட்டுன காலிக் கூட்டையும், டப்பாவுல செம்பழுப்பா உருண்டையா கெடக்குமே ஈயோட கூடு, அதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஈயோடவே வச்சு, செடி, இடம், புழு எடுத்த தேதி, ஈ வந்த தேதி எல்லாம் பென்சில்ல எழுதி வைங்க, பால்பாயிண்ட் மை ஆல்கஹால் பட்டா கரைஞ்சிடும்.

கேஎல் பக்கம் வந்தா கெப்போங் ஃப்ரிம்ல (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்) பூச்சி சேகரிப்பு இருக்கு, முதல்ல மெயில் போட்டு கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. செடியில இன்னும் அதே மாதிரி புழு இருந்தா இன்னைக்கே படம் எடுத்துருங்க, எந்தப் பட்டாம்பூச்சியோட புழுன்னு அவங்க கண்டிப்பா கேப்பாங்க.